திண்டிவனத்துல அடிச்சா விழுப்புரத்துல விழும்

எங்க ஊர்ல டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடுன யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்லுவாங்க. தண்டவாளத்துக்குப் பக்கத்து கிரவுண்டு. ஒரு அண்ணன் இறங்கி வந்து தூக்கி அடிச்சாராம். பந்து போய்க்கிட்டிருந்த கூட்ஸ் வண்டியில விழுந்து விழுப்புரம் போயிடுச்சாம். கிட்டத்தட்ட 37 கிலோமீட்டர். உலகத்துலயே நீளமான சிக்சர் எங்க திண்டிவனத்துலதான் மக்களே!

சிரிக்காதீங்க. இந்த மாதிரிக் கதை எல்லா ஊர்லயும் உண்டு. சி.கே.நாயுடு சேப்பாக்கத்துல அடிச்ச ஒரு பந்து, மைதானத்தைத் தாண்டி ஐம்பது கஜம் தள்ளி ஒரு தென்னைமரத்துகிட்ட விழுந்ததா சொல்லுவாங்க. அமெரிக்காவுல 1953 ஏப்ரல் 17ல் மிக்கி மேன்டில் வாஷிங்டன் கிரிஃபித் ஸ்டேடியத்தை விட்டே பேஸ்பாலை வெளியே அடிச்சார். 565 அடின்னு பேப்பர்ல வந்துச்சு. கணக்கு எங்கேர்ந்து வந்துச்சு? அவர் டீமோட விளம்பர அதிகாரி வெளியே போய், பந்தை எடுத்த பையன்கிட்ட இடம் கேட்டு வந்து சொன்னது. விழுந்த இடமா, உருண்டு நின்ன இடமா? பையன் கை காட்டின இடம்தான் சரித்திரம்.

இப்ப அந்தப் பிரச்சனை இல்லை. பந்து கூரையில மோதினாலும், மோதாம இருந்தா எங்க விழுந்திருக்கும்னு கேமராவை வச்சு கணக்குப் போட்டுடறாங்க. 2024 மே 18, பெங்களூர். கடைசி ஓவர் முதல் பந்தை தோனி 110 மீட்டர் அடிச்சார். பந்து ஸ்டேடியத்துக்கு வெளியே. ஈரப்பந்து போய் வேற பந்து வந்துச்சு, அடுத்த பந்துலயே தோனி அவுட், சென்னையும் அவுட். நீளமா அடிச்சதே வினையாப் போச்சுன்னு அன்னிக்கு ஆபீஸ்ல ஒரே புலம்பல்.

ஆனா எங்கப்பாவுக்கு இதெல்லாம் சிக்சரே இல்லை. அவருக்கு 1987 அக்டோபர் 9, சேப்பாக்கம், உலகக் கோப்பை. மணிந்தர் பந்துல டீன் ஜோன்ஸ் அடிச்சதுக்கு அம்பயர் ஃபோர் கொடுத்தார். இடைவேளையில ஆஸ்திரேலியாக்காரங்க அது சிக்ஸ்னு கேக்க, கபில்தேவும் ஒத்துக்கிட்டார். 268 இருந்தது 270 ஆச்சு. இந்தியா 269க்கு ஆல் அவுட். ஒரு ரன்! "எவ்ளோ தூரம் போச்சுன்னு எவனும் கேக்கல. கோட்டைத் தாண்டுச்சாங்கறதுதான் கேள்வி"ன்னு அப்பா இன்னிக்கும் சொல்லுவார்.

நம்ம அண்ணனுக்கு கேமராவும் இல்ல, கபில்தேவும் இல்ல. சென்னையில லீக் ஆடணும்னு கொஞ்ச நாள் ரயில் ஏறிப் போய் வந்தவர். வீட்ல காசு இல்ல, நின்னுடுச்சு. இப்ப ரீசார்ஜ் கடை வச்சிருக்கார். அவர் ஆடினதுக்கு எந்த ஸ்கோர் புக்கும் கிடையாது. ஊர் வாயில இருக்கற அந்த ஒரு ஷாட்தான். கிரவுண்டும் இப்ப பிளாட் ஆயிடுச்சு.

போன பொங்கலுக்குப் போனப்ப நேராவே கேட்டேன். "அண்ணே, நெசமாவே வண்டியில விழுந்துச்சா?"

ரீசார்ஜ் பண்ணிக்கிட்டே சொன்னார்: "பந்து திரும்பி வரல தம்பி. அவ்ளோதான் எனக்குத் தெரியும். எல்லாரும் காசு போட்டு வாங்கின புதுப் பந்து. மேட்ச் அதோட நின்னுபோச்சு."

அதுக்கு மேல நான் கேக்கல. விழுப்புரம் பக்கம் இருக்கறவங்க யாராவது ஒரு பந்தைப் பார்த்திருந்தா சொல்லுங்கப்பு.