பாஸ்தாவில் மாத்தளை வாசம்

இலங்கையின் மாத்தளைக்காரர் ஒருவர் பெரிய இத்தாலிய உணவகத்துக்குள் போகும்போது தயங்கவே வேண்டாம். அங்கே தட்டில் வருகிற வாசம் அவருக்குப் பழகியதுதான்.

ரோம் நகரத்தின் 'காச்சோ எ பெப்பே'யை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்தா, பெக்கோரினோ சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர். அவ்வளவுதான். மிளகு பழசானால் அந்தச் சாப்பாடே இல்லை. லசானியாவின் வெள்ளைச் சோஸில் சாதிக்காய் துருவிப் போடுவார்கள். இந்த இரண்டும் மாத்தளை வீட்டுத் தோட்டங்களில் காய்ப்பவை.

இத்தாலிக்கும் மாத்தளை மாவட்டத்துக்கும் இன்னொரு அழகான தொடர்பும் உண்டு. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, இளமையில் இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் வீடு வாங்கிக் குடியேற ஆசைப்பட்டவர். அது கைகூடவில்லை. 1948இல் ஊர் திரும்பினார். பின்னாளில் தம்புள்ளைக்குப் பக்கத்தில், கண்டலம குளத்தைப் பார்த்தபடி அவர் வடிவமைத்த ஹோட்டல் 1994இல் திறந்தது. பாறையோடும் கொடியோடும் கலந்து நிற்கும் அந்தக் கட்டடத்தில் குளத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது பெரிய சுகம். கார்டா ஏரி இழந்தது மாத்தளைக்குக் கிடைத்தது!

மறுபடி தட்டுக்கே வருவோம். இத்தாலியர்கள் பார்மா சீஸின் ஊர்ப் பெயரைச் சட்டம் போட்டுக் காக்கிறார்கள். இலங்கைக் கறுவாவுக்கும் 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்தது.

சீஸின் ஊரை மெனுவில் எழுதுகிறவர்கள், மிளகுக்குப் பக்கத்தில் 'மாத்தளை' என்று எழுதினால் என்ன?