சத்தம் கேட்காத சிரிப்பு

மேடைக்கு எழுதுகிறவர்கள் மேல் எனக்குப் பொறாமை உண்டு. கிரேஸி மோகன் நாடகத்தில் சபா சிரித்து ஓயும்வரை நடிகர்கள் அடுத்த வசனத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள். ஜனங்களின் மூச்சு தெரிந்த அந்தக் காதைத்தான் அவர் எழுதிய ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) பட வசனங்களிலும் உணர்கிறேன்.

டிவிக்கு எழுதும் எனக்கு அந்தச் சத்தம் கிடையாது. ஒத்திகையில் லைட்மேன் அண்ணன் சிரிக்கிறாரா என்றுதான் பார்ப்பேன். நேற்று ஒரு காட்சி. ஹவுஸ் ஓனர் வாடகையை ஏத்துறேன் என்றதும் மாமா மயங்கி விழுகிறார். ஒத்திகையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரே ஒரு வரி சேர்த்தோம். எல்லோரும் பதறித் தண்ணீர் தெளிக்க, மாமா ஒற்றைக் கண்ணைத் திறந்து, “போயிட்டாரா?” என்கிறார். அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.

“இது ஜனங்களுக்குப் புரியாது சார்” என்று மீட்டிங்கில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’வை ரசிக்க, அது கிண்டலடிக்கும் படம் மனப்பாடமாக இருக்க வேண்டும். நம் ஜனங்களுக்கு இருந்தது. இன்றைக்கும் அதிலிருந்து மீம் போடுகிறார்கள். அவர்களுக்கா புரியாது?

நிறத்தையும் உடம்பையும் வைத்து நான் ஜோக் எழுதுவதில்லை. குடும்பத்தோடு ஹாலில் உட்கார்ந்து பார்க்கும் ஒரு பெண், அப்படி ஒரு ஜோக் வரும் நேரத்தில் தனியாகிப்போவாள். டிஆர்பி குறைந்தாலும் இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.