ஒரே கூரையின் கீழ் ஓர் ஊர்

இலங்கையின் நடுமலைநாட்டைக் காணப் புறப்படுவோர் நுவரெலியாவின் ஏரியையும் ஹக்கலைப் பூங்காவையும் ஹோர்ட்டன் சமவெளியையும் கண்டு களித்து மீள்வதே வழக்கம். அச்சமவெளிக்குக் கீழே, மலை மடிப்புக்குள் ஒதுங்கிக் கிடக்கும் டயகம என்னும் தோட்டப்புறத்தை நாடிச் செல்வோர் சிலரே. இயற்கை எழிலில் அவ்விடம் எதற்கும் குறைந்ததன்று. ஆயினும் நாம் எம் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அங்குச் சென்றது, நம்மவர் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் 'லயன்' என்னும் நெடுவீடுகளைக் காணும் பொருட்டேயாம்.

ஹட்டனிலிருந்து தலவாக்கலை செல்லும் பாதையில் டெவோன் அருவியும் சென்கிளேயர் அருவியும் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. தலவாக்கலையில் கொத்மலை ஓயாவை மறித்து, 2012ஆம் ஆண்டு முதல் மின்சாரம் எடுத்து வருகின்றனர். அங்கிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாகப் பாதை மேலேறுகிறது. இருமருங்கும் தேயிலை, இடையிடையே சவுக்கும் கருப்பந்தைல மரங்களும், பள்ளத்தில் சலசலத்தோடும் ஆக்ரா ஓயா. இவ்வாற்று நீரே கொத்மலை ஓயாவாகி, மகாவலியுடன் கலந்து கீழ்நாட்டு வயல்களை நனைக்கிறது. டயகமவை அடைந்தபோது காலைப் பனி இன்னும் கலையவில்லை. கூடையைத் தலையில் மாட்டி, இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் கொழுந்து மலைக்கு ஏறிக்கொண்டிருந்தனர்.

மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய மேடை. அதன்மேல் புகைவண்டித் தொடரைப் போல ஒரு நீண்ட கட்டிடம். அதன்மேல் ஒரே தகரக் கூரை. காற்றுக்குப் பறவாதபடி கூரைமேல் கற்கள். இதுவே லயன். ஒரு வரிசையில் பல காம்பராக்கள். காம்பராவுக்கு ஒரு குடும்பம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பதே பழைய காம்பராவின் அளவு. முன்னே 'இஸ்தோப்பு' எனப்படும் சிறு திண்ணை. அதன் ஓரத்திலேயே பல வீடுகளில் அடுப்பு. முதுகோடு முதுகு சேர்ந்த இரட்டை லயனாயின், பின்சுவரில் சாளரத்துக்கும் இடமில்லை. ஒரு வீட்டில் குழந்தை அழுதால் பக்கத்து வீட்டுக்காரிக்கும் உறக்கமில்லை. குளிப்பதும் துவைப்பதும் குடிநீர் எடுப்பதும் பொதுப் பீலியில்.

இக்கட்டிடங்கள் எழுந்த வரலாறு மாணவர் அறியத்தக்கது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோர் பலர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்து, பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலைக்கோ பருவம் என்பதில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும். ஆதலின் தொழிலாளர் குடும்பத்தோடு நிலையாகத் தங்கும்படி ஆயிற்று. பெரட்டுக் களத்தில் விடியுமுன் ஆளெண்ணத் தோதாக, எல்லோரையும் ஓரிடத்தே அடுக்கி வைக்கும் வீடு தேவைப்பட்டது. மலைமுடியில் துரையின் பங்களா, இடையே உத்தியோகத்தர் வீடுகள், கீழே லயன் என்னும் வரிசை அவ்வாறு அமைந்ததே.

இவற்றையெல்லாம் நாம் சொல்லிக்கொண்டிருக்கையில் மாணவி ஒருத்தி குறுக்கிட்டாள். "சேர், சீனாவிலேயும் ஒரே கட்டிடத்துக்குள்ளே ஓர் ஊரே இருக்கிறதாம். அதைப் பார்க்க உலகமே போகிறதாம். இதைப் பார்க்க ஏன் ஒருவரும் வருவதில்லை?" என்றாள்.

அவள் கூறியது தென்கிழக்குச் சீனத்தின் பூஜியன் மாநிலத்து மண்கோட்டை வீடுகளை. வடக்கிலிருந்து காலந்தோறும் இடம்பெயர்ந்து வந்த ஹக்கா மக்கள் கட்டியவை அவற்றுட் பல. 'ஹக்கா' என்பதன் பொருளே விருந்தினக் குடிகள் என்பதாம். அயலாருக்கும் கொள்ளையருக்கும் அஞ்சிய அவர்கள், மண்ணை இடித்து இறுக்கி மூன்று நான்கு மாடி உயரத்துக்குச் சுவர் எழுப்பினர். சில வட்டம், சில சதுரம். கீழ்மாடிகளில் வெளிச் சாளரம் கிடையாது. வாயிலும் பெரும்பாலும் ஒன்றே. தரைத்தளத்தில் சமையல், அதன்மேல் தானியக் களஞ்சியம், அதற்கும் மேலே படுக்கையறைகள். நடு முற்றத்தில் முன்னோரை வழிபடும் கூடம். 1709இல் கட்டிமுடிந்த செங்சி மாளிகை வட்டத்துக்குள் வட்டமாக அமைந்தது. பெரிய வீடொன்றில் எண்ணூறு பேர்வரை வாழலாம். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இத்தகைய 46 கட்டிடங்களை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அவர்களும் இடம்பெயர்ந்தோர், நம்மவரும் இடம்பெயர்ந்தோர். அங்கும் ஒரு கூரை, பல குடும்பம், இங்கும் அவ்வாறே. வேற்றுமை எங்கே எனின், அச்சுவரை எழுப்பியவர் அதனுள் வாழ்ந்தவரே. கதவை உள்ளிருந்து தாழிட்டவரும் அவரே. லயனை அமைத்தவர் வேறொருவர்; அதில் வாழ்பவர் வேறொருவர். வேலை உள்ளவரை வீடு என்பது இங்குள்ள பழைய நியதி.

அன்று ஒரு மூதாட்டி எம்மை அழைத்து இஸ்தோப்பில் பாய் விரித்து, ரொட்டியும் தேநீரும் தந்தார். "இந்தக் காம்பராவிலதான் ஐயா நான் பொறந்தேன். எங்கம்மாவும் இங்கதான் செத்துச்சு. ஆனா ஒரு சுவரு எடுக்கணும்னாலும் தோட்டத்தைக் கேக்கணும். இது தோட்டத்து வீடுங்க," என்றார். அவர் குரலில் கோபமில்லை. உடனிருந்த மாணவர் நெடுநேரம் பேசவில்லை.

அந்த லயனிலும் காலியான காம்பராக்களின் கதை உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் முடிவு செய்தது. ஒரே சுவரின் இருபுறமும் வாழ்ந்த உறவினருள் ஒருவர் நீலகிரிக்கும் மற்றவர் இங்குமாகப் பிரிந்தனர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தோட்டங்களோ 1970களில் அரசுடைமையாகி, 1992 முதல் நிறுவனங்களின் நிருவாகத்துக்குச் சென்றன. கைகள் பல மாறியும் காம்பராவின் உறுதிப்பத்திரம் அதில் வாழ்வோரின் கைக்கு வரவில்லை.

இவ்வளவு நெருக்கடியிலும் அவர்கள் ஓர் ஊரை உண்டாக்கினர் என்பதே வியப்பு. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் லயன் முழுவதும் அடுப்பு அணைகிறது. ஒரு வீட்டில் பூப்பு நீராட்டெனின் லயன் முழுவதும் தோரணம். மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடி, ரதியின் புலம்பலைக் கேட்டு விடியும்வரை விழித்திருக்கின்றனர். தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் எழுந்தது அவர்தம் உழைப்பால். ஹக்கா மக்களின் நடு முற்றத்துக்கு ஈடாக இங்கே அமைந்தது லயன் வாசல்.

மாற்றமும் தொடங்கியுள்ளது. இந்திய உதவியுடன் 4,000 தனிவீடுகள் கட்டும் திட்டம் மலையகத்தில் மேற்கொள்ளப்பட்டது. 2017 மே மாதம் நோர்வூட் வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடு ஒன்றுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம். ஏறத்தாழ 1,900 சதுர அடி. சிறிதே எனினும், சொந்த வாசலில் ஒரு வாழைக் கன்று நட அது போதும். ஆனால் லயனிலேயே வாழும் குடும்பங்கள் இன்னும் மிகப் பல.

துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில இப்போது பயணியர் விடுதிகளாகிச் செல்வர்களை வரவேற்கின்றன. லயனுக்கும் மதிப்புண்டு என்பதைக் காட்டுவது கம்பளைப் பக்கத்துப் பழைய பீக்கொக் தோட்டத்திலுள்ள தொழிலாளர் அருங்காட்சியகம்; அது அமைந்திருப்பது பழைய லயன் காம்பராக்களிலேயே.

மாணவியின் கேள்விக்கு நாம் அங்கே கூறிய விடை இதுதான். வாழ்பவருக்கு உரிமையும் நல்ல வீடும் முதலில் வரட்டும். அதன்பின் தோட்டத்துக்கு ஒரு லயனையேனும் இடியாமல் காத்து, அதன் வரலாற்றைச் சுவரில் எழுதி வைப்போம். அப்போது உலகம் பார்க்க வரும். அதுவரை டயகம செல்வோர், படப்பெட்டியைத் திறக்குமுன் வீட்டாரின் இசைவைக் கேட்பாராக. அவர்கள் பாய் விரித்தால் அமர்ந்து, தேநீரை அருந்தி, அவர்கள் சொல்வதைச் சற்றுக் கேட்டு வருவாராக.