ஒட்டியதைத் திருப்பிக் கொடுத்தால்தான்



கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் சமையலறை அலுமாரியில் சில மாதங்களாக ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. மாமியின் உடம்பிலிருந்து உரித்த ஃபென்டனில் பேட்ச்சுகளை அதில் வரிசையாக ஒட்டிவைப்போம். மாமிக்கு எலும்புவரை பரவிய புற்றுநோய். மாத்திரை விழுங்கினால் வாந்தி. அதனால்தான் மருத்துவர் வலிக்குப் பேட்ச் எழுதினார். 72 மணி நேரம் தோல்வழியே மருந்து ஊறும். முதல் வாரத்திலேயே மாமி நிம்மதியாகத் தூங்கினார். ஒருநாள் பேட்ச்சின்மேல் சுடுதண்ணிப் பை வைக்கச் சொன்னார். நல்லவேளை, மருந்தாளர் முன்னமே எச்சரித்திருந்தார்: சூடு பட்டால் மருந்து மளமளவென்று உடம்பில் இறங்கி மூச்சை நிறுத்திவிடலாம்.

பழையதைக் கொடுத்தால்தான் புதியது. மருந்தாளர் ஒவ்வொன்றாக எண்ணி, வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்ப்பார். மாமிக்கு அது பெரிய அவமானம். "நான் என்ன, களவாய் விக்கப்போறனோ? ஒட்டினதைக்கூட எண்ணிப் பாக்கினம்!" என்று அழுதார்.

எனக்கும் முதலில் கோபம்தான். காரணம் தெரிந்தபின் தணிந்தது. மூன்று நாள் ஒட்டிக் கழற்றிய பேட்ச்சிலும் ஓர் உயிரைப் பறிக்கும் அளவு மருந்து தங்கியிருக்கும். மோர்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம். குப்பைக்குப் போனதைச் சிலர் எடுத்து விற்றார்கள். நோர்த் பே நகரில் தொடங்கிய இந்தத் திருப்பிக்கொடுக்கும் முறையை ஒன்ராறியோ 2015இல் சட்டமாக்கியது. 2016 அக்டோபர் 1 முதல் மாகாணம் முழுவதும் நடைமுறை.

தெருவில் உயிர்களைக் குடிப்பது பெரும்பாலும் பேட்ச் அல்ல, கள்ள ஆய்வுகூடத்து ஃபென்டனில் தூள். 1960இல் பெல்ஜியத்தில் பவுல் யான்சன் உருவாக்கிய இந்த மருந்துக்கு அபின் வயல் வேண்டாம், ரசாயனம் போதும். இத்தகைய சாவுகள் பெருகியதால் பிரிட்டிஷ் கொலம்பியா 2016 ஏப்ரலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. அந்தத் தூளை எங்கள் அலுமாரித் தாள் தடுக்காது. ஆனாலும் இந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். திருடனுக்குக் கதவை அடைத்தது. மாமிக்கு ஒருநாள்கூட அடைக்கவில்லை. வலிக்காரரைத் தவிக்கவிட்டுத்தான் கட்டுப்படுத்த வேண்டும் என்பவர்கள் இதைப் பார்க்கவேண்டும்.

தை மாதம் மாமி கண்ணை மூடினார், வலியில்லாமல். ஒட்டாமல் மிஞ்சிய மூன்றையும் மருந்துக்கடையில் ஒப்படைத்தோம்.

இங்கே உங்கள் உறவினர் யாருடைய வீட்டிலாவது இந்த மருந்து இருந்தால் சொல்லுங்கள்: பூட்டி வைக்கட்டும், மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்கட்டும். மூச்சை மீட்கும் நலொக்சோன் ஒன்ராறியோ மருந்துக்கடைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. வெட்கப்படாமல் கேட்டு வாங்கி வைக்கட்டும்.