'வென்ட்' வந்த வழி

மொழிகளுக்கெல்லாம் விதி உண்டு. விதிகளுக்கெல்லாம் விலக்கும் உண்டு. ஆங்கிலம் கற்கும் மாணவியராகிய எங்களை ஆட்டிப் படைப்பவை அவ்விலக்குகளே! வினைச்சொல்லின் இறுதியில் 'ஈ', 'டி' என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் இறந்தகாலம் ஆகிவிடும் என்று முதலில் கற்கிறோம், மகிழ்கிறோம். அடுத்த பாடத்திலேயே, 'கோ' என்றால் போ, 'வென்ட்' என்றால் போனாள் என்று வருகிறது. இரண்டிற்கும் என்ன உறவு? ஓர் எழுத்தாவது ஒத்திருக்கிறதா? காரணம் அறியாமலே 'கோ, வென்ட், கான்' என்று வாய்ப்பாடு போல் மனனம் செய்கிறோம்.

அருமனையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வரும் எங்களில் பலருடைய தந்தையர், விடியுமுன் ரப்பர் பால் வெட்டச் செல்பவர்கள். வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆளில்லை. வெளியூரில் நடந்த ஒரு பேச்சுப் போட்டியில் எங்கள் தோழி ஒருத்தி, 'கோ'வுடன் அவ்விரண்டு எழுத்துகளையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அவையே சிரித்தது! அதன்பின் பல மாதங்கள் அவள் ஆங்கிலம் பேச வாய் திறக்கவில்லை. அந்தச் சிரிப்பு நியாயந்தானா என்று அறியவே இச்சொல்லின் வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

படித்தபோது வியந்தோம். 'வென்ட்' என்பது 'கோ'வின் சொந்தப் பிள்ளையே அன்று! 'திரும்பு', 'வழிச்செல்' என்னும் பொருளுடைய வேறொரு வினையின் இறந்தகாலம் அது. 'செண்ட்' என்பது 'சென்ட்' ஆவது போலவும், 'பெண்ட்' என்பது 'பென்ட்' ஆவது போலவும், 'வெண்ட்' என்பது 'வென்ட்' ஆயிற்று. 'கோ'வுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'ஏயொடெ' என்ற வேறோர் இறந்தகாலம் இருந்தது. அது வழக்கொழியவே, ஏறக்குறைய 1500ஆம் ஆண்டளவில் 'வென்ட்' அந்த இடத்தில் நிலையாகக் குடியேறிவிட்டது. தன் பிள்ளையை இழந்த 'வெண்ட்' என்ன செய்தது? பொதுவிதிப்படி 'வெண்டட்' என்று புதிதாக ஒன்றை ஆக்கிக்கொண்டது!

இன்னொரு செய்தியும் உண்டு. ஸ்காட்லாந்து மக்களின் பேச்சு வழக்கில் 'கோ' என்பது 'கேய்'. அதன் இறந்தகாலம் 'கேய்ட்'. பொதுவிதிப்படி அமைந்த வடிவமே அது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் (1759–1796) தம் பாட்டில் அதனைக் கையாண்டிருக்கிறார். எங்கள் தோழி அமைத்த சொல்லுக்கு இப்படியோர் உறவு உண்டென்று அன்று சிரித்தவர்கள் அறிவார்களா?

நம் தமிழில் மட்டும் இத்தகைய விந்தைகள் இல்லையா? 'ஓடு – ஓடினாள்', 'பாடு – பாடினாள்' என்பன நேர்வழி. 'வா' என்பதோ 'வந்தாள்', 'வருகிறாள்' என்று மாறுகிறது. 'சா' என்பது 'செத்தாள்' ஆகிறது. தாய்மடியில் கற்றதால் இவை நமக்குக் கடினமாகத் தோன்றவில்லை. தமிழகத்தின் பல பகுதிகளில் அன்றாடப் பேச்சில் 'கண்டேன்' என்பதன் இடத்தைப் 'பார்த்தேன்' பிடித்துக்கொண்டது. ஆயினும் ஒரு பொருள் தொலைந்தால் அவர்களும் 'காணோம்' என்றே தேடுகிறார்கள்! மலையாளத்தின் அண்டையில் வாழும் நம் விளவங்கோட்டுப் பக்கத்திலோ, 'அவளைக் கண்டியா?' என்னும் பேச்சு இன்றும் மறையவில்லை.

அடிக்கடி வழங்கும் சொற்களே பெரும்பாலும் விதிக்கு அடங்காமல் நிற்கின்றன. போதல், வருதல், காணுதல், சாதல் இல்லாத நாள் ஏது? நாள்தோறும் நாவில் புழங்குவதால் அவற்றின் பழைய வடிவங்கள் மறக்கப்படுவதில்லை. அரிதாக வழங்கும் சொற்களே எளிதில் பொதுவிதிக்குள் வந்துவிடுகின்றன.

ஆகவே, தோழியரே! தேர்வில் 'வென்ட்' என்றே எழுதுவோம். அதுவே இன்றைய வழக்கு. ஆனால் விதியை நம்பி ஒருத்தி வேறுவிதமாகச் சொன்னால், அவள் அறிவில்லாதவள் அல்லள்; கற்ற விதியைத் தானே பொருத்திப் பார்க்கும் அறிவு அவளிடம் இருக்கிறது. அவளுக்கு விலக்கை அன்போடு எடுத்துச் சொல்வோம், நகையாட மாட்டோம். அச்சமின்றிப் பேசுகிறவளுக்கே எந்த மொழியும் வசப்படும்!