துறையைப் பார்க்கச் சொன்ன ஆசிரியருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெரு முழுக்க ஒரே பேச்சுதான். எந்தக் காலேஜ், எந்த யூனிவர்சிட்டி, வெளியில் பெயரைச் சொன்னால் நாலு பேருக்குத் தெரியுமா? நான் எம்.எஸ்சி. படித்தவள் என்பதால், ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்து வரும் அப்பாக்களும் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் அம்மாக்களும் என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில் உங்களுடையது. அது அவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால்தான் இந்த நன்றியைத் தபாலில் போடாமல் பொதுவில் எழுதுகிறேன்.

அரசுப் பள்ளியில் எங்களுக்கு இயற்பியல் எடுத்த நீங்கள் ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள். "சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல ஆரம்பிச்சது. அங்க பிசிக்ஸ் துறை எப்ப வந்துச்சு தெரியுமா?" வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. 1952 என்றீர்கள். தொண்ணூற்றைந்து வருட இடைவெளி. அந்த இடைவெளிக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் மணி அடித்த பிறகும் நின்று சொன்னீர்கள்.

தொடக்கத்தில் பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் தரும் அமைப்பு. பாடம் நடந்தது கல்லூரிகளில். சி.வி.ராமன் மாநிலக் கல்லூரியில் படித்தார். மாணவராக இருக்கும்போதே, 1906-இல், லண்டன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். 1907-இல் எம்.ஏ. முடித்தவருக்கு ஆராய்ச்சி வேலை என்று ஒன்று இங்கே இல்லை. நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போய், அலுவலக நேரத்துக்கு வெளியே அங்கிருந்த அறிவியல் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். அதே கல்லூரியில் படித்த எஸ்.சந்திரசேகர் 1930-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். இருவருக்கும் நோபல் கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் பெருமையைச் சொல்லும்போது இன்றும் முதலில் வருவது அவர்கள் பெயர்தான். ஆனால் அவர்களை இருத்திக்கொள்ள அன்றைக்கு இங்கே ஒரு ஆய்வுக்கூடம் இல்லை.

பிறகு ஏ.லட்சுமணசாமி முதலியார் கதைக்கு வந்தீர்கள். தொழிலால் மருத்துவர். 1942 முதல் 1969 வரை துணைவேந்தர். இயற்பியல் துறையைத் தொடங்க ராமனைத்தான் முதலில் அணுகினார். ராமன் தம் மாணவர் ஜி.என்.ராமச்சந்திரனைக் கைகாட்டினார். முப்பது வயதுக்காரரை நம்பித் துறையை ஒப்படைத்தார்கள். அங்கே வந்த பெர்னால் என்ற, அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பை யாரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்ல, ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். தோலிலும் தசைநாரிலும் எலும்பிலும் இருக்கும் புரதம் அது. துறை இருந்த கிண்டியில் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கேட்டால் மாதிரி கிடைக்கும். கங்காரு வால் தசைநாரில் எடுத்த எக்ஸ்ரே படத்தை வைத்து, உடன் உழைத்த கோபிநாத் கர்த்தாவும் அவரும் பந்தும் குச்சியுமாக மாதிரி கட்டிப் பார்த்தார்கள். மூன்று சுருள் இழைகள் சேர்ந்த அமைப்பு என்ற முடிவு 1954-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. 1963-இல் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் அவர் போட்டுக் காட்டிய வரைபடம்தான் ராமச்சந்திரன் வரைபடம். ஒரு புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும், எந்தக் கோணத்தில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதை அது சொல்லும். உலகத்தில் எங்கே புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் இன்றும் இந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

அன்று நீங்கள் அழுத்திச் சொன்னது அதற்கு அடுத்த விஷயம். 1970-களின் தொடக்கத்தில் ராமச்சந்திரன் பெங்களூருக்குப் போனார். உடன் உழைத்த சிலரும் போனார்கள். பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கத்துக் கட்டடத்தின் கம்பீரம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை, ஆனால் இந்திய அறிவியல் கழகத்தில் புதிதாக ஒரு துறையே எழுந்தது. "பேரு கட்டடத்தோட இருக்கும்மா, படிப்பு ஆளோட போயிடும்" என்றீர்கள். விட்டுப்போன இடத்தில் மிச்சம் இருந்தவர்கள் படிகவியல் துறையைத் தொடர்ந்து நடத்தினார்கள் என்பதையும் மறக்காமல் சொன்னீர்கள். அந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எம்.எஸ்சி. சேர வேண்டிய நேரம் வந்தபோது நான் உங்கள் வீட்டுக்கு வந்து கேட்டேன். கைக்கு எட்டியவை இரண்டு: எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஒன்று, அவ்வளவாகத் தெரியாத துறை ஒன்று. எதை எடு என்று நீங்கள் சொல்லவே இல்லை. "ரெண்டு இடத்துக்கும் நேர்ல போ. ஹெச்.ஓ.டி.யைப் பாக்கறதுக்கு முன்னாடி லேப் அட்டெண்டரைப் பாரு. எந்த மெஷின் ஓடுது, எது துணி போட்டு மூடிக் கிடக்குதுன்னு அவருக்குத்தான் தெரியும்" என்றீர்கள். எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, வகுப்பெடுப்பவர்களில் எத்தனை பேர் கௌரவ விரிவுரையாளர்கள், கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டை மாணவர்கள் தங்கள் கையால் செய்கிறார்களா அல்லது வெளியே காசு கட்டி வாங்கி வருகிறார்களா என்று விசாரிக்கச் சொன்னீர்கள். சாம்பிளை ஐ.ஐ.டி.க்கு அனுப்பி, வந்த கிராஃபை ஆய்வேட்டில் ஒட்டிவிட்டு முடித்துக்கொள்ளும் துறையில் சேர்ந்தால் கருவியின் பெயர்தான் மனப்பாடமாகும் என்பது உங்கள் எச்சரிக்கை.

போனேன், பார்த்தேன், பெயர் குறைந்த இடத்தில் சேர்ந்தேன். அங்கே எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் கருவி பழசு. ஆனால் சாவி மாணவர்களிடம் இருந்தது.

இன்று ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் மெட்டலர்ஜி லேபில் இருக்கிறேன். கியர் பல்லைக் குறுக்கே அறுத்து, பேக்கலைட்டில் மவுண்ட் செய்து, எமரி தாளில் தேய்த்து, டயமண்ட் பேஸ்டில் கண்ணாடி போல் பாலிஷ் ஏற்றி, நைட்டால் என்ற அமிலக் கரைசலில் சில நொடி காட்டி மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். கறுத்த ஊசிகள், சூடாக்கிக் குளிர்வித்த எஃகின் கடினமான வடிவமான மார்ட்டென்சைட். நடுவில் வெள்ளைத் திட்டாகத் தெரிவது அப்படி மாறாமல் தங்கிவிட்ட ஆஸ்டெனைட். அது அளவுக்கு மீறி இருந்தால் வண்டி ஓட ஓட, அழுத்தத்தில் மார்ட்டென்சைட்டாக மாறிப் பருமன் கூடும், அளவு கெடும், விரிசலுக்கும் வழி உண்டு. எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. எக்ஸ்ரேயில் வைத்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு உயரத்துக்குச் சிகரம் எழும்புகிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். கிண்டியில் கங்காரு தசைநாரைப் படம்பிடித்ததும் இதே இயற்பியல்தான். அலைன்மென்ட் கெட்டுப்போன கருவியை நானே சரிசெய்யும் ஒவ்வொரு தடவையும் உங்களை நினைத்துக்கொள்கிறேன்.

பெயருக்கு மதிப்பே இல்லை என்று நீங்கள் சொன்னதில்லை. நானும் சொல்ல மாட்டேன். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு இன்டர்வியூ அறையில் பரிந்துபேச ஆள் கிடையாது. சான்றிதழில் இருக்கும் பெயர்தான் பேசும். அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயர் குறைந்த கட்டணத்தில் கிடைப்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் அந்தப் பெயர் இணைப்புக் கல்லூரிகள் அனைத்துக்கும் ஒன்றுபோல் கிடைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் வைத்திருப்பவர்களில் ஏராளமானோர் கிண்டி வளாகத்துக்குள் கால் வைத்ததே இல்லை. பட்டத்தாள் ஒன்று, லேப் வேறு வேறு. அதனால்தான் தனித்தனியாகப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

ஐயா, ஒரு விஷயம் மட்டும் மனதை அறுக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டிலிருந்து நீண்ட காலம் துணைவேந்தர் இல்லாமல் இருந்தது. 2024-இல் வரிப் பிரச்சினையில் வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. லட்சுமணசாமி முதலியார் இருபத்தேழு வருடம் உட்கார்ந்து துறைகளை எழுப்பிய நாற்காலி அது. நல்ல ஆளைத் தேடிப்பிடித்து, இடமும் பணமும் கொடுத்து, குறுக்கே வராமல் இருந்ததால்தான் முப்பது வயதில் பொறுப்பேற்ற ஒருவரால் கிண்டியிலிருந்து உலகத்துக்கே வரைபடம் போட முடிந்தது. எங்கள் சாலையில் வரிசையாக நிற்கும் கார், டயர், டிரக், மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகளுக்கு லேப் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். அவர்களைத் தனியார் கட்டணம் கட்ட முடியாத வீடுகளிலிருந்து எடுத்துத் தர அரசுப் பல்கலைக்கழகத் துறைகளால்தான் முடியும். காலிப் பணியிடங்களை நிரப்புங்கள் என்று அரசிடம் கேட்கும் உரிமையும், அது ஏன் அவசரம் என்ற புரிதலும் உங்கள் வகுப்பில் கிடைத்தவை.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண் வேதியியல் சேர்வதற்காக மூன்று இடங்களைப் பார்க்கப் போகிறாள். அவள் அப்பா பெயர்ப் பட்டியலோடு வந்தார். நீங்கள் எனக்குச் சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அட்டெண்டர் முதல் வரியில் இருக்கிறார்.


உங்கள் மாணவி
சேரப்பணஞ்சேரி