வாசலுக்கு மேல் ஒரு பெயர்

எமிலி பிராண்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலை எனக்குக் காதல் கதை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கல்லூரி நாட்களில் அப்படியே படித்தேன். நாற்பது வயதுக்குப் பின் சில அத்தியாயங்களைத் தமிழாக்க உட்கார்ந்தபோது வேறொரு புத்தகம் தெரிந்தது. பத்திரங்களின் கதை அது.

நாவல் 1847இல் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வந்தது. மறு ஆண்டு டிசம்பரில், 30 வயதில், எமிலி இறந்துபோனார்.

லிவர்பூல் தெருவில் கிடந்த கறுத்த சிறுவனை எர்ன்ஷா தன் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அவன்தான் ஹீத்கிளிஃப். பெரியவர் இறந்ததும் அவர் மகன் ஹிண்ட்லி அவனுடைய படிப்பை நிறுத்தி வயல் வேலைக்கு அனுப்புகிறான். மகள் கேதரினுக்கு அவன் உயிர். ஆனாலும் பணக்கார எட்கர் லிண்டனை மணக்கச் சம்மதிக்கிறாள். ஹீத்கிளிஃபைக் கட்டிக்கொள்வது தனக்கு இழிவு என்று பணிப்பெண் நெல்லியிடம் அவள் சொல்வது மறைவில் இருக்கும் அவன் காதில் விழுகிறது. அவனும் தானும் வேறல்ல என்று அவள் அடுத்துச் சொல்வதைக் கேட்க அவன் அங்கே இல்லை.

இங்கேதான் என் பேனா நின்றது. இழிவா, தாழ்வா, கௌரவக் குறைச்சலா? தமிழில் எதைப் போட்டாலும் பின்னால் குலம் வந்து நிற்கிறது. மூலத்திலும் அது இல்லாமலில்லை. அந்தச் சிறுவன் இந்தியக் கப்பலாளியின் பிள்ளையோ என்று ஒரு கனவானே சந்தேகப்படுகிறார்.

மூன்று வருஷம் கழித்துப் பணத்தோடு திரும்பும் ஹீத்கிளிஃபின் பெரிய ஆயுதம் அடமானம். சூதாடிக் கெடும் ஹிண்ட்லிக்குக் கடன் கொடுத்து நிலம் முழுவதையும் வளைக்கிறான். பிறகு, எட்கர்-கேதரின் மகளை அடைத்துவைத்துத் தன் நோயாளி மகனுக்குக் கட்டிவைக்கிறான். மனைவியின் கைப்பொருள் கணவனுடையது என்பதே அன்றைய இங்கிலாந்துச் சட்டம். 1870, 1882 சட்டங்களுக்குப் பிறகுதான் அது மாறியது. நீதிமன்றச் செய்தி எழுதிய காலத்தில் பங்காளி வழக்குகள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஹீத்கிளிஃபின் பொறுமை எனக்குப் பழக்கமானது.

ஆனால் எந்த வழக்கிலும் நான் பார்க்காத ஒன்றையும் அவன் செய்கிறான். ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டனை எழுத்தறியாதவனாக வளர்க்கிறான். தனக்கு நடந்ததை அப்படியே திருப்பிச் செய்கிறான். அந்த வீட்டு வாசலுக்கு மேல் 1500 என்ற ஆண்டோடு 'ஹேர்ட்டன் எர்ன்ஷா' என்று பொறித்திருக்கிறது. முன்னோர் பெயரும் அதுதான், இவன் பெயரும் அதுதான். அதன் கீழே தினமும் நுழையும் பையனுக்கு அதைப் படிக்கத் தெரியாது.

வில்லியம் வைலரின் 1939 படத்தில் இந்த இரண்டாம் தலைமுறையே கிடையாது. (அதில் கேதரினாக நடித்த மெர்ல் ஓபரான் பம்பாயில் பிறந்தவர். அதை வெளியே சொல்லாமல் மறைத்தே வாழ்ந்தார்.) படம் காதலை வைத்துக்கொண்டு பழியின் கணக்கை விட்டுவிட்டது.

நாவலில் கேதரினின் மகள்தான் ஹேர்ட்டனுக்குப் படிக்கச் சொல்லித் தருகிறாள். முதலில் கேலி செய்தவளும் அவளே. இருவரும் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது ஹீத்கிளிஃப் காண்பது இறந்துபோன கேதரினின் கண்களை. அழிக்க வேண்டியதெல்லாம் கைக்குள் இருக்கிறது, அழிக்க மனம்தான் இல்லை. சாப்பாட்டை நிறுத்துகிறான், சில நாளில் இறக்கிறான்.

பிணத்தருகே இரவெல்லாம் உட்கார்ந்து அழுதவன் ஹேர்ட்டன் ஒருவன்தான்.